தண்ணீரில்லாத் தீவில் ஒரு கலங்கரை விளக்கம்: கிளைன் குராசோ பயணம் குறித்த விவாதம்

நெய்தல்வாசி எழுதியது:

கரீபியக் கடலின் தென்பகுதியில், குராசோ தீவின் தென்கிழக்கு முனையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி, கிளைன் குராசோ என்றொரு ஆளில்லாத் தீவு இருக்கிறது. அதன் பரப்பு 2 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஓடையோ ஊற்றோ கிடையாது. மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வெட்டவெளியின் நடுவில், 19-ஆம் நூற்றாண்டில் டச்சு ஆட்சியினர் எழுப்பிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. குராசோவுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்கு அமைந்திருப்பதால், ஒரு பகலை இந்தத் தீவுக்கு ஒதுக்கலாமா என்று யோசித்துவருகிறேன்.

படகுக்காரர்களின் விளம்பரங்கள் வெண்மணலையும் ஆமைகளையும்தான் காட்டுகின்றன. கோபுரம் படத்தின் ஓரத்தில் ஒப்புக்கு நிற்கிறது. என் ஆர்வமோ அந்தக் கோபுரத்தின்மேல்தான். அதன் உச்சிவரை ஏற முடியுமா, அங்கே பார்ப்பதற்கு உண்மையில் என்ன இருக்கிறது என்று சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொரு கேள்வியும் என்னை உறுத்துகிறது. விளக்கு எரியும் அதே தீவின் கிழக்குக் கரையில் கப்பல்கள் தரைதட்டிச் சிதைந்து கிடக்கின்றன. அப்படியானால் அந்த விளக்கு அங்கே நின்று என்ன பயன்?

உப்புக்காற்று எழுதியது:

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் போகும்போது கடல் உங்களைச் சும்மா விடாது. அப்பகுதியில் வியாபாரக் காற்று ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து ஓயாமல் வீசுகிறது. நீரோட்டமும் அதே பக்கத்திலிருந்துதான் வருகிறது. இரண்டையும் எதிர்த்துச் செல்லும் படகு, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒவ்வோர் அலையின் மேலும் ஏறி விழுந்துகொண்டே போகும். திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும் என்பதால் அவ்வளவு தொல்லை இராது. கடற்குமட்டல் உள்ளவர்கள் மாத்திரையைப் படகு புறப்படுமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வயிறு புரளத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை.

படகுகள் தீவின் மேற்குப் பக்கம், காற்று ஒதுங்கிய கரையில் நிற்கின்றன. அங்கே கடல் குளம்போல் அமைதியாக இருக்கும். வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மணலைவிட்டு நகர்வதே இல்லை. உள்ளே நடந்தால் சிறிது நேரத்திலேயே மணல் முடிந்து பவளச் சுண்ணக்கல் தொடங்குகிறது. அதன் விளிம்புகள் கத்திபோல் கூர்மையானவை. மெல்லிய ரப்பர் செருப்பு அதற்குத் தாங்காது. தீவு தட்டையானது என்பதால் கோபுரம் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. வழி கேட்க ஆளும் தேவையில்லை.

கட்டடத்தின் நடுவில் வட்டக் கோபுரம் எழுகிறது. அதன் இருபுறமும் காப்பாளர்கள் வாழ்ந்த வீட்டுப் பகுதிகள் இருக்கின்றன. சுவர் வெளிறிய இளஞ்சிவப்பு நிறம். கிழக்குச் சுவரை அருகில் சென்று பாருங்கள். பூச்சு செதில் செதிலாக எழும்பி நிற்கும். விரலால் தட்டினால் உள்ளே பொள்ளலாக ஒலிக்கும். மேற்குச் சுவரில் அதே பூச்சு ஓரளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவு நிலைகளில் எஞ்சியிருக்கும் இரும்புக் கீல்கள் தகடு தகடாக உரிந்து பருத்திருக்கின்றன. தொட்டால் விரலில் செந்தூள் ஒட்டும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அறிய உங்களுக்குத் திசைகாட்டி வேண்டாம், அந்தக் கட்டடமே போதும்.

படிகள் மரத்தாலானவை. நான் சென்றபோது சில பலகைகள் நடுவில் தொய்ந்திருந்தன. சுவரையொட்டிக் காலூன்றித்தான் ஏற வேண்டியிருந்தது. அன்றைய நிலையைப் படகோட்டியிடம் கேட்டுக்கொண்டு ஏறுவதோ, கீழேயே நிற்பதோ உங்கள் விருப்பம். உச்சியை எட்டினால் ஒரே பார்வையில் தீவு முழுதும் அடங்கிவிடும். மேற்கே அசையாத நீர். கிழக்கே இடைவிடாமல் உடையும் வெள்ளை நுரை. அந்த நுரையின் ஓரத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் எண்ணெய்க் கப்பலின் கூடு.

கப்பல்தளம் எழுதியது:

பணி ஓய்வு பெற்ற கப்பல் அதிகாரி என்ற முறையில் உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன், நெய்தல்வாசி. அது பலரும் கேட்கும் கேள்விதான். ஆனால் அதில் விளக்கிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோம்.

முதலில் தொலைவைக் கணக்கிடுவோம். கடல்மட்டத்துக்கு மேல் மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 2.08-ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து தொடுவானம் எத்தனை கடல் மைல் என்பது கிடைக்கும். 25 மீட்டர் உயரத்தில் ஒரு விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குரிய தொலைவு 10 கடல் மைலுக்குச் சற்று மேல். கப்பல் மேல்தளத்தில் நிற்பவரின் கண் 9 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதற்கு ஏறத்தாழ 6 கடல் மைல். இரண்டையும் கூட்டினால், தெளிந்த இரவில் அந்த விளக்கு 16 கடல் மைல் தொலைவில் தொடுவானத்தில் தலைகாட்டும். கிளைன் குராசோவின் தரையோ சில மீட்டர் உயரமே உள்ளது. நிலவில்லாத இரவில் அது மிக நெருங்கிய பிறகும் கண்ணுக்குப் புலப்படாது. கோபுரம் இல்லாத காலத்தில், அலை உடையும் ஓசை கேட்டபோதுதான் தீவு இருப்பது தெரிந்திருக்கும். அதற்குள் காலம் கடந்திருக்கும். விளக்கின் முதற்பயன் இங்கேயே முடிந்துவிட்டது: ஒன்றும் தெரியாத இடத்தில் ஒரு புள்ளியை அது தருகிறது.

ஆனால் அந்தப் புள்ளி, அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு தூரத்தில் என்பதைச் சொல்வதில்லை. ரேடார் வருமுன், தூரத்தை அறிய நாங்கள் கற்றுக்கொண்ட எளிய வழி ஒன்று உண்டு. விளக்கு கப்பலின் முகப்பிலிருந்து 45 பாகையில் தெரியும்போது நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது நேர் பக்கவாட்டில், அதாவது 90 பாகையில் வரும்போது மீண்டும் குறிக்க வேண்டும். இடையில் கப்பல் ஓடிய தூரமே, விளக்குக்கும் கப்பலுக்கும் இடையிலுள்ள தூரம். வடிவியலில் இது பிசகாது. கடலில் பிசகும், ஏனெனில் நீரோட்டம் நம் கணக்கைக் கேட்டு ஓடுவதில்லை. மணிக்கு 1 கடல் மைல் வேகமுள்ள ஓட்டம்கூட, எட்டு மணி நேர இரவில் கப்பலை 8 மைல் தள்ளிவிடும். கிழக்கிலிருந்து வரும் கப்பலைக் காற்றும் ஓட்டமும் சேர்ந்து தீவை நோக்கித் தள்ளுவதால், தான் நினைத்ததைவிட முன்னதாகவே அது பாறைக்கு வந்துவிடுகிறது.

இயந்திரம் நின்றுபோனால் நிலைமை இன்னும் மோசம். இத்தகைய பவளத் தீவுகளில் கரையை விட்டுச் சற்று விலகியதும் கடலடி செங்குத்தாக இறங்கிவிடும். நங்கூரம் போட்டால் பிடிக்க இடமிராது. விளக்கு பளிச்சென்று தெரியும். கப்பலில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே கரைக்குப் போவார்கள்.

விளக்கைக் கண்ட பிறகும் மோதி அழிந்த கப்பலுக்குச் செங்கடலில் ஒரு சான்று உண்டு. எகிப்தியக் கடற்பகுதியில் 'சகோதரர்கள்' என்ற இரு சிறு தீவுகளில் பெரியதன்மேல் ஆங்கிலேயர்கள் 1883-இல் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். அதுவும் புல்பூண்டு இல்லாத வறண்ட பாறைதான். 1901 ஜூலையில் லிவர்பூலிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்ற நுமிடியா என்ற புதிய கப்பல், எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கின் காலடியிலேயே நள்ளிரவுக்குப் பின் மோதியது. அதிலிருந்த ரயில் சக்கரங்கள் இன்றும் நீருக்கடியில் கிடக்கின்றன. முக்குளிப்பவர்கள் பார்த்து வருகிறார்கள். அங்கே குறை விளக்கில் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

நெய்தல்வாசி எழுதியது:

மிக்க நன்றி, கப்பல்தளம் ஐயா. அப்படியென்றால் கோபுரத்தில் ஏறி இறங்குவதோடு நிறுத்தாமல், கிழக்குக் கரைக்கும் நடந்து சென்று பார்த்தால்தான் கோபுரம் ஏன் அங்கே இருக்கிறது என்பது புரியும் போலிருக்கிறது. கோபுரம் கரையில் இல்லாமல் தீவின் உட்பகுதியில் கட்டப்பட்டிருப்பதற்கும் இதுதான் காரணமா?

பழங்கட்டடம் எழுதியது:

அதற்குக் காரணம் வேறு. முதல் கோபுரம் 1850-இல் கட்டப்பட்டது. 1877 செப்டம்பரில் வந்த சூறாவளி அதை அழித்துவிட்டது. குராசோ ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில், சூறாவளிகள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே இருப்பதால், அங்கே அத்தகைய புயல் அரிது; ஆனால் அரிதாக வரும் ஒன்றே போதுமானதாகிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1879-இல் கட்டியவர்கள் அலைக்கு எட்டாதபடி உள்ளே தள்ளிக் கட்டினார்கள். தீவு மிகச் சிறியது, தரையும் தாழ்வானது என்பதால், விளக்கை உள்ளே தள்ளியதால் அதன் வீச்சு பெரிதாகக் குறைந்திருக்காது.

சுண்ணக்கல் எழுதியது:

கோபுரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அது நிற்கும் தரையைப் பற்றியும் பேச வேண்டும். இன்று அங்கே செல்பவர்கள் காணும் மொட்டைத் தீவு, முதல் கோபுரத்தைக் கட்டியவர்கள் கண்ட தீவு அன்று.

கடற்பறவைகள் நெடுங்காலம் கூடு கட்டி வாழ்ந்த சுண்ணக்கல் தீவுகளில், அவற்றின் எச்சம் மழைநீரில் கரைந்து கீழே இறங்கி, சுண்ணக்கல்லோடு வினைபுரிந்து கால்சியம் பாஸ்பேட் படிவாக மாறுகிறது. இது உரத் தொழிலுக்கு மூலப்பொருள். கிளைன் குராசோவில் இப்படிவு இருப்பதை ஜான் காடன் என்ற ஆங்கிலேயச் சுரங்கப் பொறியாளர் கண்டறிந்தார். 1871 முதல் 1886 வரை அது வெட்டப்பட்டு ஐரோப்பிய வயல்களுக்குக் கப்பலேறியது. ஆண்டுகளைக் கவனியுங்கள்: கோபுரம் விழுந்ததும், புதியது எழுந்ததும் இந்தச் சுரங்கக் காலத்துக்குள்தான். இரண்டாம் கோபுரத்தின் காப்பாளர்கள் மேலிருந்து பார்த்தது, கண்ணெதிரே தோண்டி எடுக்கப்படும் ஒரு தீவை.

தோண்டியதில் மேல்மண் போயிற்று, தரையும் தாழ்ந்தது. தரை தாழ்ந்ததும் கிழக்கிலிருந்து வரும் உப்புத் தூவானம் தடையின்றித் தீவைக் கடந்து செல்லத் தொடங்கியது. மண்ணும் இல்லாமல், உப்பும் படியும்போது செடி எங்கே வேரூன்றும்? அதற்கு முன்பே வேறொன்றும் அங்கிருந்து போய்விட்டது. கரீபியத் துறவிச் சீல் என்ற கடல்விலங்கை எண்ணெய்க்காக வேட்டையாடிய தீவுகளில் இதுவும் ஒன்று. அந்த இனம் கடைசியாக உறுதியாகக் காணப்பட்டது 1952-இல், வேறொரு கடற்பகுதியில். 2008-இல் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

முள்வேலி எழுதியது:

சுரங்கத்தின்மேல் எல்லாப் பழியையும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குராசோ, அதன் அண்டைத் தீவுகளான அருபா, பொனைர் ஆகிய மூன்றும் சுரங்கம் இல்லாத இடங்களிலும் வறண்டவைதான். குராசோவில் ஆண்டுக்குச் சராசரியாக 550 மில்லிமீட்டர் அளவில்தான் மழை பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி அக்டோபருக்கும் ஆண்டின் இறுதிக்கும் இடையில் விழுந்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும் அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். போதாக்குறைக்கு ஆடுகளை மேயவிட்டார்கள். ஓர் ஆட்டுக்கூட்டம் துளிரைத் தின்றுகொண்டே இருந்தால், நல்ல மண்ணிலும் மரம் எழாது.

சுண்ணக்கல் எழுதியது:

முள்வேலி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். வறட்சி அந்த வட்டாரத்தின் இயல்பு; ஆடுகளும் தம் பங்குக்குச் செய்தன. ஆனால் வறண்ட நிலம் வேறு, வெறும் நிலம் வேறு. அதே மழையை நம்பித்தான் குராசோவில் கள்ளியும் முள்மரங்களும் அடர்ந்து வளர்கின்றன. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள சிறு தீவில் அவை இல்லாமற்போனதற்கு மழை மட்டும் காரணமாக முடியாது. 1990-களில் ஆடுகள் அகற்றப்பட்டன; பின்னர் பூனைகளும் அகற்றப்பட்டன. 2000-ஆம் ஆண்டையொட்டி மரக்கன்றுகளை நடும் பணி தொடங்கியது. ஆடு போனவுடன் தீவு தானாகப் பச்சையாகிவிடவில்லை என்பதையும், கன்றுகளைக் கைப்பிள்ளைபோல் பேண வேண்டியிருக்கிறது என்பதையும் பார்த்தால், இழந்தது துளிரை மட்டுமன்று, மண்ணையும்தான் என்பது தெளிவாகும்.

கரீபியனில் பிரிட்டனின் அங்கில்லா ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த சொம்ப்ரேரோ என்ற தனித்தீவிலும் இதே கதைதான். அங்கும் பாஸ்பேட் வெட்டியெடுக்கப்பட்டது. அங்கும் 1868-இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1960-இல் டோனா சூறாவளி அதைச் சிதைத்தபின் 1962-இல் புதியது வந்தது. கப்பல் பாதையில் தனித்து நிற்கும் தீவு, கடற்பறவைக்கும் வாய்ப்பான இடம், கலங்கரை விளக்கத்துக்கும் வாய்ப்பான இடம். பறவை இருந்தால் பாஸ்பேட் இருக்கும். பாஸ்பேட் இருந்தால் தோண்ட ஆள் வருவான்.

வடமீன் எழுதியது:

காப்பாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. ஊற்றில்லாத தீவில் குடிநீருக்கு இரண்டே வழிகள்: கூரையில் விழும் மழையைத் தொட்டியில் தேக்குவது, இல்லாவிட்டால் படகில் வரவழைப்பது. முள்வேலி தந்த மழையளவை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 சதுர மீட்டர் கூரையில் 550 மில்லிமீட்டர் மழை விழுந்தால், ஆண்டுக்கு 55,000 லிட்டர். நாளொன்றுக்கு 150 லிட்டர் என்று கேட்கும்போது ஏராளமாகத் தோன்றும். ஆனால் கூரையை நனைத்து ஆவியாவது, முதல் மழையில் உப்பையும் பறவை எச்சத்தையும் கழுவி வெளியே விடுவது, தொட்டியின் கசிவு ஆகியவற்றைக் கழித்தால் 100 லிட்டர் மிஞ்சலாம். மழை பொய்த்த ஆண்டில் அது பாதியாகும். அதைவிடச் சிக்கல், வரவேண்டிய நீரெல்லாம் சில மாதங்களில் வந்துவிடுவது. அடுத்த மழைக்காலம் வரையில் தாங்கும் அளவுக்குத் தொட்டி பெரிதாக இல்லையென்றால், நிரம்பி வழிந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த நீரில் விளக்குக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் நினைத்துப்பார்ப்பதில்லை. உப்புத் தூவானம் ஓயாத இடத்தில், விளக்கறைக் கண்ணாடிகளின் வெளிப்புறத்தில் உப்புப் படலம் வெண்மையாகப் படியும். அதைக் கடல்நீரால் கழுவ முடியாது. துணியால் வறட்டுத் தேய்ப்புத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். நன்னீரால் கழுவித் துடைத்தால்தான் இரவில் ஒளி முழுதாகச் செல்லும். காப்பாளர் தாகத்துக்கு வைத்திருந்த தண்ணீரில்தான் கப்பற்காரனுக்கு வெளிச்சம் கிடைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. நெய்தல்வாசி அங்கே சென்றால், கூரை எந்தப் பக்கம் சரிகிறது, நீர் எங்கே வந்து சேர்ந்திருக்கும் என்று பார்த்து வந்து எழுத வேண்டும்.

கப்பல்தளம் எழுதியது:

வடமீன் சொல்வது மிகச் சரி. இத்தகைய இடங்களில் ஆளை வைத்துக் காப்பதன் செலவுதான் தானியங்கி விளக்குகளைத் தேடவைத்தது. சுவீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் தாலேன் 1907-இல் உருவாக்கிய சூரிய அடைப்பிதழ் அதில் பெரிய திருப்பம். கறுப்புப் பூசிய உலோகத் தண்டு ஒன்றைச் சுற்றி, மெருகேற்றிய தண்டுகள் நிற்கும். பகலில் கறுப்புத் தண்டு ஒளியை உறிஞ்சி, மற்றவற்றைவிட அதிகமாக விரிவடைந்து, விளக்கை எரிக்கும் அசெட்டிலின் வாயு வரும் வழியை அடைத்துவிடும். இருட்டியதும் சுருங்கித் திறந்துவிடும். ஆள் வேண்டாம், கடிகாரம் வேண்டாம், பகலில் வாயு வீணாவதும் இல்லை. 1912-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் ஒரு வெடிவிபத்தில் அவர் பார்வையை இழந்திருந்தார்.

கிளைன் குராசோவில் இன்று சூரிய மின்தகட்டில் ஓடும் விளக்குதான் இருக்கிறது. ஆகவே நீங்கள் காணப்போவது ஆளற்ற வீடு. ஆனால் அணைந்த விளக்கு அன்று.

பழங்கட்டடம் எழுதியது:

அந்த ஆளற்ற வீட்டை என்ன செய்வது என்பதில்தான் எனக்கும் சில நண்பர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. உரிந்த பூச்சும் துருவும்தான் அழகு, அப்படியே விட்டுவிட வேண்டும் என்று புகைப்படக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பழைய கற்கட்டு, சுண்ணச்சாந்தை நம்பி நிற்பது. சாந்து ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். உப்பு உள்ளே சென்று காய்ந்து படிகமாகும்போது, அதன் அழுத்தத்தில் பூச்சு உதிரும். உப்புக்காற்று தட்டிப் பார்த்த பொள்ளல் ஒலி அதன் அடையாளம். பூச்சு உதிர்ந்தால் அடுத்து கல் இணைப்பு, அடுத்து கல்லே. இதை விட்டுவைத்தால் பத்திரிகைக்கு நல்ல படம் கிடைக்கும், கட்டடம் மிஞ்சாது.

அதேபோல், அவசரத்தில் சிமென்ட் பூசி வண்ணம் அடித்துவிடுவதும் தீங்கு. சிமென்ட் இறுகி ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்; உப்பு அதன் பின்னால் சேர்ந்து, ஒருநாள் பெரும் பாளமாகக் கல்லையும் பிய்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புப் பூச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அதுவே அதன் நன்மை. கெட வேண்டியது பூச்சாக இருக்கட்டும், சுவராக இருக்க வேண்டாம்.

உப்புக்காற்று எழுதியது:

அப்படியே விட வேண்டும் என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் பழுதுபார்த்து முடித்ததும் வாயிலுக்குப் பூட்டுப் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஹைத்திக்கு மேற்கேயுள்ள நவாசா தீவைப் பாருங்கள். பனாமா கால்வாய் திறந்தபின் பெருகிய கப்பல்களுக்காக 1917-இல் ஏறத்தாழ 49 மீட்டர் உயரக் கோபுரத்தை அங்கே அமெரிக்கர்கள் எழுப்பினார்கள். 1929-இல் காப்பாளர்கள் வெளியேறினார்கள், 1996-இல் விளக்கே அணைந்தது, 1999-இல் தீவு வனவிலங்குப் புகலிடமாயிற்று. அனுமதியின்றி யாரும் இறங்கக் கூடாது. பறவைகளுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபுரம் யார் கண்ணிலும் படாமல் சிதைந்துகொண்டிருக்கிறது. ஆட்கள் வந்துபோகும் கட்டடத்துக்குத்தான் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்குவார்கள் என்பது என் எண்ணம்.

பழங்கட்டடம் எழுதியது:

பூட்டத்தான் வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. கீழ்த்தளத்தைத் திறந்துவைத்து, படிக்கட்டு உறுதியாகும்வரை மேலே ஏறுவதை மட்டும் தடுக்கலாம். தொய்ந்த பலகையில் ஒருவர் விழுந்து கால் ஒடிந்தால், அங்கிருந்து மருத்துவமனைக்கு அந்த அலைகளில்தான் போக வேண்டும். அப்படி ஒன்று நடந்தால், நீங்கள் அஞ்சும் பூட்டு அன்றே வந்துவிடும்.

தென்கரை எழுதியது:

இதுவரை யாரும் குறிப்பிடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கலங்கரை விளக்கத்துக்கு வெகுகாலம் முன்பு, டச்சு மேற்கிந்தியக் கம்பெனி அடிமை வணிகம் நடத்திய நாள்களில், கப்பலில் நோயுற்ற ஆப்பிரிக்கர்களைக் குராசோவுக்குக் கொண்டுவருமுன் இந்தத் தீவில் இறக்கித் தனிமைப்படுத்தினார்கள். அதற்கெனக் கட்டப்பட்ட கட்டடத்தின் எச்சம் இன்னும் இருக்கிறது. பிழைக்காதவர்கள் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். தீவின் தென்பகுதியில் அவர்களுடைய கல்லறைகள் உள்ளன. வடமீன் போட்ட தண்ணீர்க் கணக்கைப் படித்தபோது எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது. கூரையும் தொட்டியும் உள்ள காப்பாளருக்கே அவ்வளவு இறுக்கமான கணக்கு என்றால், இவர்களுக்கு யார் நீர் கொண்டுவந்திருப்பார்கள்? தெற்கே நடப்பவர்கள், கற்குவியல் எதையும் புரட்டாமல் ஒதுங்கிச் செல்லுங்கள்.

நெய்தல்வாசி எழுதியது:

கோபுரத்தை மட்டும் கேட்டேன். தீவு முழுவதையும் சொல்லிவிட்டீர்கள். தென்கரை குறிப்பிட்டதை நான் எங்கும் படித்ததில்லை. போவதென்று முடிவு செய்துவிட்டேன். கோபுரம், கிழக்குக் கரை, தெற்குப் பகுதி என்று மூன்றையும் ஒரே பகலில் நடந்து பார்க்க முடியுமா? எந்த வரிசையில் செல்வது நல்லது?

உப்புக்காற்று எழுதியது:

முடியும், தீவு சிறியது, தரையும் மட்டமானது. உங்களைச் சோர்வடையச் செய்வது தூரமாக இராது, நிழலின்மையாகத்தான் இருக்கும். படகு நின்றவுடன், மற்றவர்கள் நீந்தக் கிளம்பும்போதே நீங்கள் கோபுரத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுங்கள். வெயில் உச்சிக்கு வருமுன் கிழக்குக் கரையையும் பார்த்துவிடலாம். காற்று ஓயாமல் வீசுவதால் வியர்ப்பது தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருங்கள். தொப்பிக்குக் கழுத்துக் கயிறு இல்லையென்றால் அதை மேற்குக் கடலில்தான் தேட வேண்டியிருக்கும். நடுப்பகலைக் கோபுரத்து வீட்டின் நிழலிலோ கடற்கரைப் பந்தலிலோ கழித்துவிட்டு, வெயில் சாய்ந்த பிறகு தெற்கே செல்லலாம். ஆனால் படகு திரும்பும் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மணற்பரப்பில் அடையாளக் கோல் நட்டிருந்தால் அது ஆமை முட்டையிட்ட இடம். அந்த வழியில் கால் வைக்காதீர்கள்.

கப்பல்தளம் எழுதியது:

எண்ணெய்க் கப்பலின் கூட்டுக்குள் ஏறிப் படமெடுக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். துருவேறிய தகடு வெளியில் கனமாகத் தெரியும்; உள்ளே காகிதமாகியிருக்கும். அலை உடையும் பக்கத்திலிருந்து அதைப் பார்க்கவும் வேண்டாம். நிலத்துப் பக்கம் நின்றாலே, அதன் முகப்பு எந்தத் திசையில் திரும்பிக் கிடக்கிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அதைத் தள்ளியது என்பதெல்லாம் விளங்கும். அங்கிருந்து திரும்பிக் கோபுரத்தைப் பாருங்கள். எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது தெரியும். நாள் குறிக்குமுன் அந்த வாரத்துக் காற்று முன்னறிவிப்பையும் ஒருமுறை பாருங்கள். காற்றின் வேகம் மணிக்கு 20 கடல் மைலுக்கு மேல் என்று போட்டிருந்தால், வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.